இருக்கைகள் கூடின, அதிகாரம் குறைந்தது: ஜார்ஜியா சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள்

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் சட்டமன்றத்தில் 2001ஆம் ஆண்டில் 45 கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். 56 இருக்கைகள் கொண்ட செனட்டில் 11 பேர், 180 இருக்கைகள் கொண்ட பிரதிநிதிகள் அவையில் 34 பேர். அப்போது செனட்டில் ஆளுங்கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர் அகஸ்டா நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான சார்ல்ஸ் வாக்கர். கொலம்பஸ் நகரைச் சேர்ந்த கால்வின் ஸ்மைர், பிரதிநிதிகள் அவையில் ஆளுநர்களே ஆலோசனை கேட்கும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்தார். இன்று கறுப்பின உறுப்பினர்களின் எண்ணிக்கை 60-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் எந்த மசோதா அவைக்கு வரும், வரவு செலவுத் திட்டத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு ஒதுக்கப்படும், தொகுதி எல்லைகள் எங்கே வரையப்படும் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் குழுக்கள் எதற்கும் அவர்களில் ஒருவர்கூடத் தலைவராக இல்லை.

உறுப்பினர்கள் கூடும்போது அவர்களுடைய கை ஓங்கத்தானே வேண்டும்? ஜார்ஜியாவில் அப்படி நடக்கவில்லை. இருக்கைகளைப் பெற்றுத்தந்த தொகுதி வரைபடமே, அந்த இருக்கைகளுக்குரிய அதிகாரம் வேறு கைக்குப் போகவும் வழிசெய்தது. இதைப் புரிந்துகொள்ள, அந்த மன்றத்தின் நடைமுறையையும், அங்கே கறுப்பினத்தவர் உட்கார நேர்ந்த விதத்தையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர் பதவி முழுநேர வேலை அன்று. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை அட்லாண்டாவில் கூடும் மன்றம், அரசியலமைப்பு வரையறுத்த 40 அலுவல் நாட்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ கலைந்துவிடும். ஆண்டுச் சம்பளம் நெடுங்காலம் 17,000 டாலரை ஒட்டியே இருந்தது. அந்தத் தொகையில் அட்லாண்டாவில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே வேறு பிழைப்பு உள்ளவர்களே இந்தப் பதவிக்கு வர முடியும். கறுப்பினச் சமூகத்திலிருந்து வழக்கறிஞர்களும், தேவாலயப் போதகர்களும், ஈமச்சடங்கு நிறுவனம் நடத்துவோரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதிகமாக வந்ததற்கு இது ஒரு காரணம். வாடிக்கையாளர்கள் சொந்தச் சமூகத்தினராகவே இருக்கும் தொழில் என்றால், மேடையில் பேசியதற்காக மறுநாள் வேலை போய்விடும் என்ற அச்சம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

நாற்பதே நாட்கள் என்பதால் காலமே அங்கு பெரிய ஆயுதம். ஒரு மசோதாவைத் தோற்கடிக்க அதற்கு எதிராக வாக்களிக்க வேண்டியதில்லை. குழுத் தலைவர் அதை விசாரணைக்கு எடுக்காமல் விட்டாலே போதும். ஒரு மசோதா ஏதேனும் ஓர் அவையில் நிறைவேறிவிட வேண்டிய கடைசி நாள் கூட்டத்தொடரின் பிற்பகுதியில் வரும். அன்று இரவுக்குள் ஓர் அவையையும் தாண்டாத மசோதாக்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டுக்குச் செத்துவிடும். சிறுபான்மைக் கட்சி உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களின் பொதுவான கதி இதுதான்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1867இல் நாடாளுமன்றம் இயற்றிய மறுசீரமைப்புச் சட்டங்களின்படி ஜார்ஜியாவின் கறுப்பின ஆண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். மாநில மக்களில் அவர்கள் அப்போது ஏறக்குறைய பாதி. 1868இல் அவர்களிலிருந்து முப்பது சொச்சம் பேர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வரலாற்றில் இவர்களை ‘முதல் முப்பத்து மூவர்’ என்று அழைக்கிறார்கள். மேக்கன் நகரைச் சேர்ந்த மெதடிஸ்ட் போதகர் ஹென்றி மெக்நீல் டர்னர், கடற்கரையோர மெக்கின்டாஷ் கவுன்ட்டியின் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) டூனிஸ் கேம்பல், கிரீன் கவுன்ட்டியின் ஏப்ரம் கோல்பி ஆகியோர் இவர்களில் முக்கியமானவர்கள்.

கூட்டம் தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் வெள்ளை உறுப்பினர்கள் ஒரு வாதத்தைக் கிளப்பினார்கள். புதிய அரசியலமைப்பு கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமையைத்தான் தந்திருக்கிறது, பதவி வகிக்கும் உரிமையை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது அந்த வாதம். அவர்களுடைய வாக்கால் உருவான மன்றமே இப்படி வாதாடியது. 1868 செப்டம்பர் 3ஆம் நாள் டர்னர் பிரதிநிதிகள் அவையில் நீண்ட உரை ஒன்றை ஆற்றினார். எவரிடமும் கெஞ்சிக் கேட்கப் போவதில்லை, உரிமையைக் கோரவே நிற்கிறேன் என்று தொடங்கிய அந்த உரை அமெரிக்கச் சட்டமன்ற உரைகளில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது. ஆனால் வாக்குகள் முன்பே முடிவாகியிருந்தன. கறுப்பின உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிடம் தோற்றவர்களை அழைத்து அந்த இடங்களில் உட்காரவைத்தார்கள். நிறம் வெளுத்திருந்த நான்கு பேரை மட்டும், கறுப்பின வம்சாவளியை உறுதியாக நிரூபிக்க முடியாததால், விட்டுவைத்தார்கள்.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஃபிலிப் ஜாய்னர் அதே மாதம் 19ஆம் தேதி ஆல்பனியிலிருந்து கமில்லா என்ற சிற்றூருக்கு ஓர் அரசியல் ஊர்வலத்தை நடத்திச் சென்றார். ஊருக்குள் நுழைந்ததும் துப்பாக்கிச் சூடு நடந்து கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு அக்டோபரில் ஏப்ரம் கோல்பியை முகமூடிக் கும்பல் வீட்டிலிருந்து இழுத்துச் சென்று, செத்துவிட்டார் என்று நினைக்கும் அளவுக்கு அடித்துப் போட்டது. பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் அவர் அளித்த சாட்சியத்தில் ஒரு செய்தி இருக்கிறது: அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தங்கள் பக்கம் வந்தால் 5,000 டாலர், பதவியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால் 2,500 டாலர் என்று பேரம் பேசியிருக்கிறார்கள், கவுன்ட்டியையே விலையாகக் கொடுத்தாலும் முடியாது என்று அவர் மறுத்திருக்கிறார். ஒரு சட்டமன்ற இருக்கைக்கு எதிரிகள் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

1869இல் மாநில உச்ச நீதிமன்றமே கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் தலையிட்டு ஜார்ஜியாவை மீண்டும் இராணுவ மேற்பார்வையின் கீழ் கொண்டுவந்தது. 1870 ஜனவரியில் வெளியேற்றப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த அந்தக் குறுகிய காலத்தில், வாக்குரிமையில் இன வேறுபாடு கூடாது என்ற 15ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஜார்ஜியா ஒப்புதல் அளித்ததும், மாநிலத்தின் பொதுப்பள்ளிச் சட்டம் நிறைவேறியதும் வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகவே சொல்லப்படுகின்றன. அவர்களுடைய துன்பத்தைச் சொல்பவர்கள் அவர்கள் பங்கேற்ற வேலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலோடு நிலைமை தலைகீழானது. அடுத்தடுத்து வந்த தடைகள் சட்டத்தின் மொழியிலேயே எழுதப்பட்டன. 1877 அரசியலமைப்பு வாக்குவரியை நிலுவையோடு சேர்த்துக் கட்டச் சொன்னது. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முறை வந்தது. 1908இல் எழுத்தறிவுச் சோதனையும் சொத்துத் தகுதியும் சேர்ந்தன. இவ்வளவுக்கும் இடையில் மெக்கின்டாஷ் கவுன்ட்டி மட்டும் 1907 வரை ஒரு கறுப்பின உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி உறுப்பினர் டபிள்யூ. எச். ரோஜர்ஸ். இது தற்செயல் என்று தோன்றவில்லை. டேரியன் என்ற துறைமுக ஊரை மையமாகக் கொண்டு டூனிஸ் கேம்பல் அங்கே விடுதலைபெற்ற மக்களை அமைப்பாகத் திரட்டியிருந்தார். 1876இல் அவரை, அறுபது வயதைக் கடந்த நிலையில், சிறைக்கூலியாகக் கடும் உழைப்புக்கு அனுப்பிய பிறகும் அந்த அமைப்பின் வேர் அறுபடவில்லை.

அதன்பின் 55 ஆண்டுகள் அந்த மன்றத்தில் ஒரு கறுப்பு முகமும் இல்லை. இதற்கு வாக்குரிமை மறுப்பு பாதிக் காரணம் என்றால், நகரங்களை ஒடுக்கிய தேர்தல் கணக்கு மறுபாதி. மாநில அளவிலான முதனிலைத் தேர்தல்களில், வாக்குகளை எண்ணாமல் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் முந்தியவருக்குக் கிடைக்கும் அலகுகளை எண்ணும் ‘கவுன்ட்டி அலகு’ முறை இருந்தது. மிகப் பெரிய எட்டு கவுன்ட்டிகளுக்கு ஆளுக்கு ஆறு அலகு, அடுத்த முப்பதுக்கு நான்கு, மீதி 121 கவுன்ட்டிகளுக்கும் இரண்டிரண்டு. இதன்படி மூன்று குட்டிக் கவுன்ட்டிகள் சேர்ந்தால் அட்லாண்டா அமைந்துள்ள ஃபுல்டனுக்குச் சமம். சட்டமன்ற இருக்கைகளும் இதே போக்கில் கிராமப்புறத்துக்குச் சாதகமாகப் பங்கிடப்பட்டிருந்தன. 1960களின் தொடக்கத்தில் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்கொரே மதிப்பு என்ற கொள்கையை நிலைநாட்டியபோதுதான் இந்த ஏற்பாடு உடைந்தது. 1962இல் செனட் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்ட உடனேயே அட்லாண்டாவின் வழக்கறிஞர் லீராய் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964இல் ஹொரேஸ் வார்டு அவரோடு சேர்ந்தார். 1950இல் ஜார்ஜியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி நிறத்தைக் காரணமாக வைத்துச் சேர்க்க மறுத்த அதே வார்டு, பின்னாளில் கூட்டரசு நீதிபதியானார். 1965இல் பிரதிநிதிகள் அவைக்கு எட்டு கறுப்பினத்தவர் தேர்வானார்கள்.

எட்டுப் பேரில் ஏழு பேருக்குத்தான் 1966 ஜனவரியில் பதவிப் பிரமாணம் செய்துவைக்கப்பட்டது. எட்டாமவரான ஜூலியன் பாண்டுக்கு வயது 25. மாணவர் போராட்ட அமைப்பொன்றின் செய்தித் தொடர்பாளர். அந்த அமைப்பு வியட்நாம் போரைக் கண்டித்து வெளியிட்ட அறிக்கையைத் தாமும் ஏற்பதாகச் சொன்னதற்காக, 184க்கு 12 என்ற வாக்குக் கணக்கில் அவருக்கு இருக்கை மறுக்கப்பட்டது. காலியான தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வென்றார், மீண்டும் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மூன்றாவது முறையும் வென்றார். பாண்டின் தொகுதியில் வசித்த வாக்காளர் என்ற முறையில் மார்ட்டின் லூதர் கிங்கும் இந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர். 1966 டிசம்பர் 5ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, சட்டமன்ற உறுப்பினருக்கும் பேச்சுரிமை உண்டு என்றும், கருத்துக்காக அவரை வெளியே நிறுத்த மன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தது. 1868இன் வாதத்தை வேறு சொற்களில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இம்முறை நீதிமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை.

உள்ளே வந்தவர்கள் செய்த வேலையின் தன்மை வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. ஜார்ஜியாவில் ஒரு நகரத்தின் நிர்வாக அமைப்பை வகுக்கும் சாசனத்தை மாநிலச் சட்டமன்றமே இயற்றுகிறது. ஆகவே நகராட்சி மன்றத்துக்கு யார், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அட்லாண்டாவின் தங்கக் கூரை வேய்ந்த தலைமைச் செயலகக் கட்டடத்தில் முடிவாகிறது. 1965இல் தேர்வான எட்டுப் பேரில் ஒரே பெண்ணான கிரேஸ் டவுன்ஸ் ஹாமில்டன், 1973இல் அட்லாண்டாவின் புதிய சாசனத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோரைப் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கும் முறை அதன் வழியே வந்தது. கறுப்பினப் பகுதிகளுக்கு நகர நிர்வாகத்தில் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற குரல் கிடைத்தது. அதே ஆண்டு மேனார்ட் ஜாக்சன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வானார். லீராய் ஜான்சனின் சாமர்த்தியம் வேறு வகை. இராணுவத்தில் சேர மறுத்ததற்காக முகமது அலியை 1970இல் எந்த மாநிலமும் குத்துச்சண்டை மேடையில் ஏற்றாதபோது, ஜார்ஜியாவில் குத்துச்சண்டையை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையமே இல்லை என்பதைக் கவனித்து, நகர அனுமதி போதும் என்று வாதிட்டு, ஆளுநர் லெஸ்டர் மாடக்ஸ் கொதித்தும் அக்டோபர் 26ஆம் நாள் அட்லாண்டாவில் போட்டியை நடத்திக்காட்டினார். சட்டத்தில் இல்லாததைப் படித்தறியும் திறமை என்று இதைச் சொல்லலாம்.

கால்வின் ஸ்மைரின் வாழ்க்கை இந்தப் பொறுமையான வேலையின் முழு அளவைக் காட்டும். 1974இல் இளம் வயதில் தேர்வானவர் ஏறக்குறைய 48 ஆண்டுகள் பணியாற்றினார். ஆளுநர் ஜோ ஃபிராங்க் ஹாரிஸின் காலத்தில் ஆளுநரின் மசோதாக்களை அவையில் நடத்திச்செல்லும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1956 முதல் மாநிலக் கொடியில் இருந்த, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் போர்ச்சின்னத்தை 2001இல் ஆளுநர் ராய் பார்ன்ஸ் அகற்றியபோது அவையில் ஆதரவு திரட்டியவர்களில் ஸ்மைரும் ஒருவர். 2017இல் அதே வளாகத்தில் கிங்கின் சிலை நிறுவப்பட்டதிலும் அவருடைய கை இருந்தது. அப்போது ஆட்சி குடியரசுக் கட்சியிடம் இருந்தது என்பது கவனிக்க வேண்டியது.

எல்லா வெற்றியும் நிலைத்ததில்லை என்பதற்குச் செனட்டர் வின்சென்ட் ஃபோர்ட்டின் கதை சான்று. அட்லாண்டாவின் கறுப்பினப் பகுதிகளில் வயதான வீட்டுச் சொந்தக்காரர்களைக் குறிவைத்து, கட்டணங்களைக் குவித்து வீட்டை விழுங்கும் அடமானக் கடன்கள் பரவியபோது, அவர் முன்னின்று 2002இல் ஒரு கடுமையான சட்டம் நிறைவேறியது. அதன் கூர்மை எங்கே இருந்தது என்றால், கடனைக் கொடுத்தவர் மட்டுமன்றி அதை விலைக்கு வாங்குபவரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியில். அன்றைய அடமானச் சந்தையில் கடன் பத்திரங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. வாங்குபவருக்குப் பொறுப்பு என்றால் சந்தை நிதானிக்கும். ஆனால் 2003 ஜனவரியில் ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் ஜார்ஜியாக் கடன்கள் உள்ள பத்திரங்களுக்குத் தரமதிப்பீடு தர முடியாது என்று அறிவித்தது. இரண்டே மாதங்களில் சட்டமன்றம் அந்த விதியின் பல்லைப் பிடுங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே வகைக் கடன்களால் உலக நிதி அமைப்பே ஆட்டம் கண்டதும், அட்லாண்டாவின் அந்தப் பகுதிகளில் வீடுகள் வரிசையாக ஏலத்துக்கு வந்ததும் யாவரும் அறிந்தது.

2002இல் சட்டம் நிறைவேறியதற்கும் அது 2003இல் வலுவிழந்ததற்கும் இடையில் ஒரு தேர்தல் இருந்தது. அந்தத் தேர்தலையும், அதன் பின்னணியில் உள்ள வரைபடத் தகராறையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் உள்ளது போன்ற தனித்தொகுதி அமெரிக்காவில் இல்லை. எந்தத் தொகுதியிலும் யாரும் நிற்கலாம். ஆனால் வெள்ளையர் பெரும்பான்மையான தொகுதியில் கறுப்பின வேட்பாளர் வெல்வது அரிது என்பதால், 1965 வாக்குரிமைச் சட்டத்தின் கீழ், கறுப்பின வாக்காளர் பெரும்பான்மையாக இருக்கும்படி சில தொகுதிகளை வரைவது நடைமுறையானது. ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் வரைபடத்தை மாற்றினால் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் இருந்தது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு தொகுதியில் கறுப்பின வாக்காளர்களை 70 விழுக்காடு திரட்டினால் அங்கே வெற்றி உறுதி. ஆனால் சுற்றியுள்ள மூன்று தொகுதிகளில் அவர்கள் இல்லாமல் போவதால் அங்குள்ள வெள்ளை உறுப்பினருக்கு அவர்களைப் பற்றிய கவலையும் இல்லாமல் போகிறது.

கறுப்பின உறுப்பினர்களுக்குள்ளேயே இதில் ஒற்றைக் கருத்து இருந்ததில்லை. 1981இல் அட்லாண்டாவைச் சுற்றி 69 விழுக்காடு கறுப்பினத்தவர் கொண்ட ஒரு நாடாளுமன்றத் தொகுதியை உருவாக்கப் பாண்டு போராடினார். கிரேஸ் ஹாமில்டன் அதை ஆதரிக்க மறுத்தார். 1982இல் கூட்டரசு நீதிமன்றம், மாநிலம் இயற்றிய வரைபடம் இனப் பாகுபாட்டு நோக்கத்துடன் வரையப்பட்டது என்று தீர்ப்பளித்ததால் பாண்டின் வாதம் வென்றது. ஹாமில்டன் 1984இல் மேபிள் தாமஸ் என்ற இளம் பெண்ணிடம் இருக்கையை இழந்தார். 1986இல் அந்த நாடாளுமன்றத் தொகுதி பாண்டுக்கும் கிடைக்கவில்லை. ஜான் லூயிஸ் வென்றார்.

1990களின் மறுவரையறையில் பாண்டின் வழியே மேலோங்கியது. கறுப்பினத் தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட விரும்பிய கறுப்பின உறுப்பினர்களோடு குடியரசுக் கட்சியினரும் மகிழ்ச்சியாகக் கைகோத்தார்கள். காரணம் எளிது: கறுப்பின வாக்குகள் சில தொகுதிகளில் திரளத் திரள, சுற்றியிருந்த தொகுதிகள் அவர்கள் வசமாயின. பத்தாண்டுகளில் கறுப்பின உறுப்பினர்கள் கூடினார்கள்; அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளை ஜனநாயகக் கட்சியினர் கிராமப்புறங்களில் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

2001இல் வாக்கர் தலைமையிலான செனட் இதைத் திருப்ப முயன்றது. கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதிகள் பலவற்றில் அவர்களுடைய விகிதத்தை 50 விழுக்காட்டுக்குச் சற்றே மேலாகக் குறைத்து, மீந்த வாக்காளர்களைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பரப்பி, கட்சியின் பெரும்பான்மையைக் காப்பது திட்டம். ஆளுங்கட்சியாக இருந்தால்தான் குழுத் தலைமை. குழுத் தலைமை இருந்தால்தான் தங்கள் மக்களுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று அவர்கள் கருதினார்கள். 11 கறுப்பின செனட்டர்களில் 10 பேர் ஆதரித்தார்கள். சவானாவின் ரெஜினா தாமஸ் மட்டும் எதிர்த்தார். 29க்கு 26 என்று நிறைவேறிய அந்தத் திட்டம், அவர்களுடைய வாக்கு இல்லையென்றால் தோற்றிருக்கும். 2003இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவில் இந்தச் சிந்தனைக்குச் சட்டத்தில் இடமுண்டு என்றது. நாடாளுமன்றம் 2006இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பின் பயனை நீக்கியது.

ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே அரசியல் வேறு முடிவைத் தந்துவிட்டது. 2002 நவம்பர் தேர்தலில் கொடியை மாற்றிய ராய் பார்ன்ஸ் தோற்றார். மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநராக சனி பெர்டூ வந்தார். சார்ல்ஸ் வாக்கரும் தம் இருக்கையைப் பறிகொடுத்தார் (2005இல் அவர் மோசடி வழக்கில் தண்டனை பெற்றது தனிக் கதை). செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு வாக்காளர்கள் தந்திருந்த 30 இடங்களில் நான்கு பேர் தேர்தல் முடிந்த கையோடு கட்சி மாறினார்கள், அவை கைமாறியது. 2004 தேர்தலில் பிரதிநிதிகள் அவையும் போயிற்று. அந்த ஆண்டே கூட்டரசு நீதிமன்றம் 2001 வரைபடத்தை மக்கள்தொகைக் கணக்கில் குறை கண்டு செல்லாது என்றது. 2005 முதல் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடமே இருக்கின்றன. கறுப்பின உறுப்பினர்களில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் ஜனநாயகக் கட்சியினர் என்பதால், இனத்தின் எண்ணிக்கையும் கட்சியின் எண்ணிக்கையும் அன்றுமுதல் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன.

சிறுபான்மையில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு மூன்று வழிகள் வளர்ந்தன. முதல் வழி, எண்ணிக்கை இல்லாத இடத்தில் படிப்பை வைப்பது. 2011 முதல் 2017 வரை பிரதிநிதிகள் அவையின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டேசி ஏப்ரம்ஸ் வரிச் சட்டம் படித்த வழக்கறிஞர். 2011இல் வருமான வரியைக் குறைப்பதாகச் சொன்ன ஒரு மசோதா பெரும்பாலான குடும்பங்களுக்கு மொத்தத்தில் வரியைக் கூட்டும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தாளை எல்லா உறுப்பினர்களின் மேசையிலும் வைத்தார். மசோதா கிடப்பில் போடப்பட்டது. அதே ஆண்டு மாநிலக் கல்வி உதவித்தொகை குறைப்பில் ஆளுநரோடு பேசி ஒரு சமரசத்துக்கு இசைந்ததற்காக அவர் சொந்தக் கட்சியிலேயே திட்டு வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி, மசோதாவை ஆளுங்கட்சிக்காரர் பெயரில் நடத்துவது. வின்சென்ட் ஃபோர்ட்டின் முயற்சியால் 2000இல் வந்த வெறுப்புக்குற்றச் சட்டத்தை, சொற்கள் தெளிவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் நீக்கியிருந்தது. பதினைந்து ஆண்டுகள் முயன்றும் மாற்றுச் சட்டம் வரவில்லை. 2019இல் குடியரசுக் கட்சியின் சக் எஃப்ஸ்ட்ரேஷன் பெயரில், ஸ்மைரின் துணையோடு ஒரு மசோதா பிரதிநிதிகள் அவையைக் கடந்து செனட்டில் தேங்கியது. 2020 பிப்ரவரி 23ஆம் நாள் பிரன்ஸ்விக் நகருக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த அமாட் ஆர்பரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் துரத்திக் கொல்லப்பட்டார். மே மாதம் அந்தக் காணொளி வெளியானது. ஜூன் 23 அன்று மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, மூன்று நாளில் ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்டார். ஆர்பரியைத் துரத்தியவர்கள் அடைக்கலம் தேடியது, சாதாரணக் குடிமக்களே பிறரைக் கைதுசெய்ய இடமளித்து 1863இல் இயற்றப்பட்ட குடிமக்கள் கைதுச் சட்டத்தில். அதை நீக்க சவானா பகுதியின் கார்ல் கில்லியர்டு முன்பே மசோதா கொண்டுவந்திருந்தார். 2021இல் அது குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் பெயரில் சட்டமானது. பெயர் யாருடையது என்பதை விட்டுக்கொடுத்தால் வேலை நடக்கும் என்று அறிந்தவர்கள் செய்த காரியம் இது. ஆனால் ஒருவர் உயிர் போய், உலகமே பார்த்த பிறகுதான் அந்த வழியும் திறந்தது.

மூன்றாவது வழி, வெளியுலகத்துக்குச் சாட்சியாக நிற்பது. 2021 மார்ச் 25 அன்று வாக்களிப்பு விதிகளை இறுக்கும் சட்டத்தில் கெம்ப் மூடிய கதவுக்குள் கையெழுத்திட்டபோது, அந்தக் கதவைத் தட்டிய அட்லாண்டா உறுப்பினர் பார்க் கேனனை மாநிலக் காவலர்கள் விலங்கிட்டு இழுத்துச் சென்றார்கள். வழக்குத் தொடர வேண்டாம் என்று அரசு வழக்கறிஞர் பின்னர் முடிவு செய்தார். சட்டம் மாறவில்லை, காட்சி நாடெங்கும் பரவியது.

இந்த வழிகள் எவையும் எட்டாத இடம் ஒன்று உண்டு. ஒரு கவுன்ட்டியை மட்டும் பாதிக்கும் மசோதாவை அந்தக் கவுன்ட்டியின் உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டால் மன்றம் மறுபேச்சின்றி நிறைவேற்றும் என்பது நெடுநாள் மரபு. கறுப்பின உறுப்பினர்கள் தங்கள் ஊர்களுக்குச் செய்த பல வேலைகள் இந்த மரபின் துணையால் நடந்தவை. அட்லாண்டாவின் புறநகர்க் கவுன்ட்டிகள் மக்கள்தொகை மாற்றத்தால் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்த பிறகு மரபு தேயத் தொடங்கியது. 2022இல் காப் கவுன்ட்டியை நிர்வகிக்கும் ஆணையர்களின் தொகுதிகளை வரைந்தபோது, உள்ளூர் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஒத்துக்கொண்ட வரைபடத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றை மன்றம் நிறைவேற்றியது. பதவியில் இருந்த கறுப்பினப் பெண் ஆணையர் ஒருவரின் வீடு அவருடைய தொகுதிக்கு வெளியே போயிற்று.

சமூகத்துக்குள் எல்லோருக்கும் ஒரே தேவைதான் என்று எண்ணுவதும் சரியன்று. அட்லாண்டாவின் மீஷா மேய்னர், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு உதவி தரும் திட்டத்தை ஆதரித்ததால் கட்சியோடு முரண்பட்டு 2023இல் குடியரசுக் கட்சிக்கு மாறினார்; அடுத்த தேர்தலில் தொகுதி அவரைத் திருப்பி அனுப்பியது. ஆனால் நகரப் பள்ளிகளின் நிலை குறித்து அவர் எழுப்பிய குறையைப் பெற்றோர்கள் பலர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2023 அக்டோபரில் கூட்டரசு நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ், 2021இல் வரையப்பட்ட வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்து, செனட்டில் இரண்டும் பிரதிநிதிகள் அவையில் ஐந்தும் கூடுதல் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதிகளை உருவாக்க ஆணையிட்டார். சிறப்புக் கூட்டத்தொடர் கூடி ஆணையை நிறைவேற்றியது. கூடவே கட்சிகளின் பலம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும் விதமாக மற்றத் தொகுதிகளையும் கலைத்து வரைந்தது. டிசம்பர் 28 அன்று நீதிபதி அதை ஏற்றார். 2024 தேர்தலுக்குப் பின் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இடையிலான கணக்கு செனட்டில் 33க்கு 23, பிரதிநிதிகள் அவையில் 100க்கு 80. ஒரு மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேற 91 வாக்கு வேண்டும்.

இந்த இடைவெளி எப்படி உணரப்படுகிறது என்பதற்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் கோரிக்கையைப் பார்க்கலாம். கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுவரும் மாநிலத்தில் கறுப்பின உறுப்பினர்கள் ஆண்டுதோறும் இதைக் கொண்டுவருகிறார்கள். சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி ஆளுநர் இதைச் செய்ய முடியாது என்று 2014இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. 2024 மார்ச்சில், ஸ்மைரோடு ஒரே தேர்தலில் 1974இல் மன்றத்துக்கு வந்த மேக்கன் நகரத்துச் செனட்டர் டேவிட் லூக்கஸ், ஒரு குழுவின் முன் இதற்காக வாதாடினார். வாக்கெடுப்பு 7க்கு 7 என்று முடிந்தது. சமநிலை என்றால் தோல்வி என்பது குழுவின் விதி.